அரைக்கல் ஆள்

மனிதரை மதிக்கத் தெரிந்தவர்கள் என்று யாரையாவது புகழவேண்டுமானால், முத்துக்குளித்துறையை ஆண்டவர்களைத்தான் முதலில் புகழவேண்டும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் நின்று புகழ்ந்தால் இன்னும் பொருத்தம்.

முதல் மரியாதை போர்த்துகீசியருக்கு. பரதவருக்கு ஆன்மா உண்டென்று 1530களில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அந்த ஆன்மாக்கள் சரியாக முத்துப் பார்களுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது தற்செயல். அவர்களின் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார். தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சேற்றி, 1600இல் இதே புன்னைக்காயலில் கண்மூடினார். எதிரில் இருப்பவன் பேச்சிலேயே அவனிடம் பேசும் அந்தப் பலவீனம், நல்லவேளை, நிர்வாகத்துக்குத் தொற்றவில்லை.

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி இன்னும் நேர்த்தி. சட்டத்தின் கண்ணில் கம்பெனியே ஓர் ஆள்: சொத்து வாங்கும், கடன் கொடுக்கும், வழக்குப் போடும். நுரையீரல் மட்டும் கிடையாது. ஆகவே, மூச்சடக்குகிறவர்களைப் பாரபட்சமின்றி எண்ண அதைவிடத் தகுதியானவர் யார்?

எண்ணியது தலையை அல்ல, கல்லை. குளியாளி கல்லோடுதான் இறங்குவான். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறி. சலுகையும் வரியும் கல்கணக்கில்தான். மதுரை நாயக்கருக்கு வரியில்லாமல் விட்ட கல் 96½ என்று அந்தக் காலக் கணக்கு சொல்கிறது. அந்த அரையைக் கவனியுங்கள்! கல்லுக்கு இருவர் என்றால், அரைக்கல் என்பது ஒரு முழு ஆள். மனிதன் என்பவன் யார் என்று ஞானிகள் ஏடு ஏடாக எழுதித் தீராததை, ஒரு பின்னத்தில் முடித்த கெட்டிக்காரத்தனம் அது.

பெயர் வைப்பதிலும் குறையில்லை. பத்துப் பித்தளைச் சல்லடை, 20 கண்ணில் தொடங்கி 1000 கண் வரை. தேறியது ஆணி, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், மதிப்புக் குறைந்தவற்றில் ஒன்று கலிப்பு. கடைசிச் சல்லடையிலும் தங்காதது தூள். தூளுக்கும் பெயர் இருந்தது. அதை எடுத்து வந்தவனுக்கு வைக்கச் சல்லடையில் பெயர் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயரின் தாராளம் தனி. எடுத்த சிப்பியில் மூச்சுக்கு ஒரு பங்கு, மேற்பார்வைக்கு இரண்டு பங்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடும் கடல்கட்டியும் உடன் உண்டு. இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு உலகில் எங்கும் விற்றதில்லை.

1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது, முன்னேற்றம் முடியவில்லை. கோயில் தெய்வம் சட்டப்படி ஆள். 2022இல் மதுரைக் கிளை நீதிமன்றம் இயற்கைக்கும் அந்தத் தகுதியைத் தந்தது. நல்லதுதான். வரிசை நகர்கிறது, அரைக்கல்காரனும் பொறுமையாக நிற்கட்டும்.

ஒரே ஒரு குறை. குளியாளி தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று கடற்கரையில் சொல்வார்கள். கீழே இருந்து ஒரு சுண்டு வந்தால், இருப்பது அக்காள் புருஷன் என்று அந்தக் கைக்குத் தெரியும். எத்தனையாவது கல் என்று தெரியாது. இப்படி அரைகுறையாகக் கணக்குத் தெரிந்தவர்களை நம்பித்தான் அத்தனை பேரும் உயிரோடு மேலே வந்திருக்கிறார்கள்.