காரமடை வட்டாரப் பயோடேட்டாக்களின் வகைப்பாடு: ஓர் ஆய்வுச் சுருக்கம்

பயோடேட்டா மூவகைப்படும் என்பர் மேலைப் புலவர். கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் சொல்வது தலைகீழ் வரிசை. வேலைகளை ஓரங்கட்டித் திறமைகளை முன்னே நிறுத்துவது திறன் வகை. இரண்டும் கலந்தது கலப்பு. இப்புலவர்கள் காரமடை ரங்கநாதர் கோயில் பக்கம் வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றதில்லை. நின்றிருந்தால் அக்கடைக் கணினியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நான்காம் வகையைக் கண்டிருப்பர்.

இவ்வகையில் தகப்பனார் பெயர் தலையாயது. பின்னர் மதம், சாதி, திருமண நிலை, தெரிந்த மொழிகள். ஈற்றில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, இடம்: காரமடை. தேதிக்குப் புள்ளிக்கோடு மட்டுமே. எந்நாளும் செல்லுபடியாகும் என்பதால் ஒரே மூச்சில் இருபது பிரதி எடுத்துவிடலாம். கல்யாண பயோடேட்டாவிலிருந்து கிளைத்ததே இது என்பது நம் துணிபு. ராசி, நட்சத்திரத்தை நீக்கினால் வேலைக்கு. சம்பளத்தைச் சேர்த்தால் பெண் பார்க்க. நீக்க மறந்த பிரதியில் 'செவ்வாய் தோஷம் இல்லை' என்ற வரி ஸ்பின்னிங் மில் வரை போய்ச் சேர வாய்ப்புண்டு. அதனால் கெடுதலுமில்லை.

திறன் வகைக்கு மூலபாடம் லியொனார்டோ டா வின்சி, சுமார் 1482இல் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய கடிதம். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று பத்து இனங்கள். ஓவியம் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டுகிறது. தலைகீழ் வரிசையில் எழுதியிருந்தால் 1481இல் கையேற்று, முடிக்காமல் விட்டுவந்த தேவாலய ஓவியமே முதல் வரியில் வந்து நின்றிருக்கும். திறன் வகையைக் கண்டதும் இன்றைய எச்.ஆர். அதிகாரிகள் எதையோ மறைக்கிறான் என்று புருவம் நெரிப்பது இதனால்தான். இடைவெளியின்றி வேலை பார்த்தவர் தலைகீழ் வரிசையை விட்டு நகர வேண்டியதில்லை.

ஐ.டி. கம்பெனிக்கு அனுப்புவோர் அழகுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்துக் கட்டம் போடுகின்றனர். முதலில் வாசிப்பது மென்பொருள். அதில் சில, கட்டங்களைத் தாண்டிக் குறுக்கே வாசிக்கும். தகப்பனார் பெயர் பி.இ. மெக்கானிக்கலோடு ஒட்டிக்கொண்டு, அவர் பட்டதாரியாகிவிடுவார்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் இந்தத் தொல்லை இல்லை. எந்த மிஷின் ஓட்டினாய், எத்தனை வருஷம் என்ற இரண்டு வரி போதும். சூப்பர்வைசர் பக்கத்தைப் புரட்டி நேரே கடைசி வரிக்கு வருகிறார்.

"காரமடைல எங்கீங்க? வண்டி இருக்குதுங்களா, பஸ்ஸுங்களா?"

முதல் ஷிப்டு ஆறு மணிக்கு. இக்கேள்விக்கான கட்டம் நால்வகையிலும் இல்லை. தகப்பனார் பெயருக்கு அடுத்து அதைச் சேர்க்குமாறு ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பரிந்துரைக்கிறோம்.