பியூனஸ் அயர்ஸில் வீடு காலி

பியூனஸ் அயர்ஸில் எங்கே தங்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பேட்டையைச் சொல்வார்கள். பழமை வேண்டுமா, சான் டெல்மோ. சாப்பாடும் கொண்டாட்டமும் வேண்டுமா, பலேர்மோ. கௌரவம் வேண்டுமா, ரெகோலெட்டா. இந்த ஊரில் நிம்மதியாகத் தங்கியவர்களைவிட அலறியடித்து ஓடியவர்கள்தான் சரித்திரத்தில் இடம்பிடித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் விருந்தாளி பெட்ரோ டி மெண்டோசா. 1536இல் ஸ்பெயினிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் ஏற்றி வந்து ஆற்றங்கரையில் குடிசை போட்டார். தலைவருக்கு மேகநோய், எந்நேரமும் படுக்கை. அங்கேயே வாழ்ந்துவந்த கெராந்தி மக்கள், வந்தவர்கள் பசியோடிருக்கிறார்களே என்று 14 நாள் மீனும் இறைச்சியும் கொண்டுவந்து போட்டார்கள். ஒருநாள் வரவில்லை. ஓசிச் சோறு ஒருநாள் நின்றதற்கு மெண்டோசா படையை அனுப்பினார்! சண்டையில் அவருடைய சகோதரரே செத்தார். கெராந்திகள் ஊரை வளைத்தார்கள். உள்ளே எலி, பாம்பு, செருப்புத் தோல் என்று வரிசையாகத் தின்று தீர்த்தார்கள். குதிரையைத் திருடித் தின்ற மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். விடிந்து பார்த்தால் தொங்கியவர்களின் தொடையைக் காணோம் என்கிற கதையை, கூட இருந்த ஜெர்மன் சிப்பாய் உல்ரிச் ஷ்மிடல் எழுதிவைத்திருக்கிறார். மெண்டோசா 1537இல் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் போய்ச் சேர்ந்தார். மிச்சப்பேர் 1541இல் மூட்டை கட்டிக்கொண்டு அசுன்சியோனுக்கு நடையைக் கட்டினார்கள். 1580இல் அதே அசுன்சியோனிலிருந்து ஹுவான் டி கராய் வந்துதான் இரண்டாம் முறை பால் காய்ச்சினார்.

1806இல் பிரிட்டிஷ் படை வந்திறங்கியது. ஸ்பெயினின் வைஸ்ராய் சோப்ரமோன்டே கஜானாவைத் தூக்கிக்கொண்டு கோர்தோபா பக்கம் ஓடினார். பிரிட்டிஷார் தங்கியது 46 நாள். மறுவருஷம் பெரிய படையோடு திரும்பி வந்தபோது, ஊர்க்காரர்கள் மொட்டைமாடிகளில் ஏறி நின்று தலையில் கொதிநீரைக் கொட்டினார்கள். வெந்நீர் வசதி உண்டா என்ற கேள்விக்கு எந்த ஊரும் இவ்வளவு தாராளமாகப் பதில் சொன்னதில்லை.

1871இல் மஞ்சள் காய்ச்சல். கொசுதான் காரணம் என்று அப்போது தெரியாது. காற்று கெட்டுவிட்டது என்றார்கள். தெற்கே சான் டெல்மோவில் மாளிகை கட்டியிருந்த சீமான்கள் வடக்கே ரெகோலெட்டா பக்கம் ஓடினார்கள். ஓடினாலும் வாடகையை விடவில்லை. அறைக்கொரு குடும்பமாக இத்தாலியரையும் ஸ்பானியரையும் அடைத்து, மாளிகைகளை ஒண்டுக்குடித்தனமாக்கினார்கள். வடக்கே பணம், தெற்கே பஞ்சம் என்று ஊரைப் பிரித்த நகரமைப்பு நிபுணர், ஆக, ஒரு கொசு. வாடகையை ஏற்றிக்கொண்டே போனதில் 1907இல் பெண்கள் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். காசு கேட்காத ஒரே ஹோட்டல் அரசாங்கம் நடத்தியது: 1911இல் துறைமுகத்தருகே திறந்த குடியேறிகள் ஹோட்டல். கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு ஐந்து நாள் படுக்கையும் சாப்பாடும் இலவசம்.

செத்தவர்களுக்கும் இதே அலைச்சல்தான். ஏழைகளின் செல்லமான எவிட்டா 1952இல் இறந்தார். 1955இல் அவருடைய கணவர், அதிபர் பெரோனைக் கவிழ்த்த ராணுவம், பதம்செய்து வைத்திருந்த உடலைக் கடத்தி, எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடியது. கடைசியில் ஜெனரல் அரம்புரு ஆட்சியில் இத்தாலிக்கு அனுப்பி, மிலானில் மரியா மாஜ்ஜி என்ற பொய்ப்பெயரில் புதைத்தார்கள். 1974இல் மொன்டொனேரோ கெரில்லாக்கள் ரெகோலெட்டா கல்லறையிலிருந்து அரம்புருவின் சவப்பெட்டியையே திருடி, எவிட்டாவைக் கொண்டுவந்தால்தான் தருவோம் என்று பேரம் பேசினார்கள். எவிட்டா வந்தார், பெட்டியும் திரும்பியது. 1976 முதல் எவிட்டாவும் ரெகோலெட்டாவாசி.

ஆக, ஏழைகளையும் கொசுவையும் விட்டுத் தப்பி ஓடிய சீமான்களுக்கும், மிலானுக்கு அனுப்பிவைத்த ஜெனரலுக்கும் இப்போது பக்கத்துவீடு எவிட்டா. இந்தத் தடவை ஒருவராலும் காலி செய்ய முடியாது.