மனசுக்குப் பொறியியல் எதற்கு?

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் படித்த என் மகள், உளவியல், மனநல மருத்துவம், பொறியியல் மூன்றும் கலந்த மேற்படிப்பில் சேரப்போகிறாளாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்களே?

பதில்: முழங்காலை விடுங்கள், தலைக்கும் மார்புக்கும் முடிச்சுப் போட்டே விட்டார்கள்! மாத்திரைக்கு மசியாத கடும் மனச்சோர்வுக்கு, மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்து, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரியைப் பதித்து, கழுத்து வழியே கம்பியால் இணைக்கிறார்கள். 2005-ல் வெளியான டொராண்டோ ஆய்வில், நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்கின் குழு ஆறு பேருக்கு இதைச் செய்தது. ஆறு மாதத்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

ஆனால் இப்படித் தேறிய ஒருவர் திடீரென்று அழுதால், நோய் திரும்புகிறதா, வீட்டில் ஏதாவது சண்டையா? டாக்டருக்கு நோயாளியின் வாய்வார்த்தைதான் ஆதாரம். இங்கேதான் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகப் பொறியாளர் கிறிஸ்டோபர் ரோஸல் கைகொடுத்தார். மேபெர்க்கும் அவரும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மின்னலைகளைப் படித்தே நோயையும் நலத்தையும் கணினி பிரித்துக் காட்டியது. ஒருவருக்கு நோய் திரும்பப்போவது, ஒரு மாதத்துக்கு முன்பே அலைகளில் பதிவாகியிருந்தது. எத்தனை பெரிய வரம்!

மகளைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் அலைகளை மட்டும் படித்தால் போதாது; நோயாளிகளோடு உட்கார்ந்து பேசும் பயிற்சி உண்டா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகம் பாருங்கள்.