மருமவனே, அந்த எட்டைக் கீழ வை

ஏ மருமவனே, அந்த டப்பாவை இப்படிக் குடு. கண்ணாடியைப் போட்டுட்டுப் படிக்கேன். டபுள் ஐபிஏ, 8 சதவீதம், 16 அவுன்சு. சரிதான். இந்த நாட்டுக் கணக்குல ஒரு டிரிங்க்குன்னா 5 சதவீத பீரு 12 அவுன்சு. அப்போ உன் கையில இருக்கது ஒண்ணு, உள்ள இருக்கது ரெண்டுக்கு மேல. நீயோ "ஒண்ணே ஒண்ணுதான் குடிச்சேன்"னு பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுத. கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி தப்புனா ராத்திரி முழுக்கத் தேடுத ஆளு, டப்பா எழுத்தை மட்டும் படிக்க மாட்டேங்க.

எடிசன், ஃப்ரீமான்ட், ஆஸ்டின்னு உங்க எல்லாரு வீட்டுலயும் விருந்து சாப்பிட்டாச்சு. சனிக்கிழமை ஒரே கூத்துதான். பேசத்தான் கூடுதீய. ஒம்போது மணிக்கு ஒருத்தன் சோபாவுல குறட்டை, ஒருத்தன் கிரீன் கார்டை நெனச்சு அழுவுதான், இன்னொருத்தன் அவுக அப்பா வித்த வயலை நெனச்சு அழுவுதான். ஆட்டுக்கறிச் சுக்கா ஆறிப்போயிக் கெடக்கு. ஒரு முழு வாக்கியம் பேசுனவன் ஒருத்தன் இல்ல.

உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம ஊரு வளப்பு அப்படி. அங்க கடையில போயி எவனாவது "ருசியா என்ன இருக்கு"ன்னு கேட்டிருக்கானா? "ஸ்ட்ராங் இருக்கா"ங்குததுதான் முதல் கேள்வி. நம்ம உடன்குடிப் பக்கத்துப் பனையில இறங்குத கள்ளு அன்னன்னைக்கு 4, 5 சதவீதந்தான் இருக்கும். கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ, தடவாம விட்டா கள்ளு. காலையில இனிப்பு, மத்தியானம் லேசாப் புளிப்பு, சாயங்காலம் மூக்குல ஏறும். ஒரே மரம் ஒரு நாளைக்கு மூணு ருசி காட்டும். அந்தக் கள்ளுக்கு 1987-லேர்ந்து தடை. 2003-லேர்ந்து அரசாங்கமே நடத்துதது 8 சதவீத பீருக்குக் கடை. நாக்கு எப்படிலே உருப்படும்?

இந்த அமெரிக்காக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல, பதிமூணு வருசம் மதுவிலக்குல காஞ்சவன். 1933 ஏப்ரல் 7-ஆம் தேதி அவன் தொண்டையில முதல்ல சட்டப்படி எறங்குனது என்ன பீருங்க? எடைக் கணக்குல 3.2 சதவீதம், உங்க டப்பாக் கணக்குல 4. அதுக்கே ராத்திரியோட ராத்திரியா மதுக்கூட வாசல்ல தேர்த் திருவிழாக் கூட்டம். பெரிய சரக்கு டிசம்பர்லதான் வந்துச்சு. சின்ன பீருக்காரங்க அந்த ஏப்ரல் 7-ஐ இன்னும் கொண்டாடுதாங்க. செஷன் பீருன்னு அதுக்கு இப்போ பேரு. நாலரைக்குள்ள நிக்கணுங்கான் கறாரான ஆளு, அஞ்சு வரைக்கும் போலாங்கான் கொஞ்சம் இளகுனவன்.

சான் பிரான்சிஸ்கோவுல ஆங்கர்னு ஒரு பழைய ஆலை. 1896-ல தொடங்குனது, 2023-ல இழுத்து மூடிட்டான், பாவி. அங்க ஓல்ட் ஃபாக்ஹார்ன்னு தடிச்ச சரக்கு ஒண்ணு காய்ச்சுவான். முதச் சாறு அதுக்குப் போயிரும். அதே தானியத்துல மறுபடி வெந்நீ ஊத்தி வடிச்சா, அது ஸ்மால் பீரு, 3.3 சதவீதம். சொதிக்கு ரெண்டாம் பாலு எடுக்க மாதிரி. உங்க அத்தை ரெண்டாம் பாலைக் கீழ ஊத்துனதை என்னைக்காவது பாத்திருக்கியா? காயெல்லாம் அதுலதானே வேகும்.

"தண்ணி கலந்த சரக்கு"ன்னு நீ இளிக்கது தெரியுது. கேளு. பெரிய பீருல தப்பு நடந்தா சாராயக் காரமும் மால்ட் இனிப்பும் மூடி மறைச்சிரும். சின்ன பீருல ஒளிய இடமே கெடையாது. தானியத்தைக் குறைச்சா சப்புனு ஆயிரும், ஹாப்ஸ் பூவைக் கொதியில அள்ளிப் போட்டா வேப்பங்கஷாயம் ஆயிரும். அதனால கெட்டிக்காரன் தானியம் ஊறுத தண்ணியில சூட்டைக் கொஞ்சம் கூட்டி வப்பான். எல்லாம் ஈஸ்ட்டு திங்குத சர்க்கரையா மாறாது. மிச்சம் நாக்குல கெட்டியா நிக்கும். ஓட்ஸ் கொஞ்சம் சேப்பான். பூவைக் கொதி அடங்குன பொறவு போடுவான். வாசம் நிக்கும், கசப்பு ஏறாது. எட்டு சதவீதம் காய்ச்சத் துட்டு போதும் மருமவனே, நாலு காய்ச்சக் கை வேணும்.

நம்பலன்னா உங்க நியூ ஜெர்சியிலயே அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ்ல கார்ட்டன்காரன் போடுத 'போட்' பீரைக் குடிச்சுப் பாரு. 4.2 சதவீதம். மூக்குல பழத்தோப்பே நடந்து போவும். பெட்டலூமாவுல லகுனிடாஸ்காரன் 'டேடைம்'னு 4 சதவீதத்துல ஒண்ணு போட்டான். அது பரவால்ல, அம்புட்டுதான் சொல்லுவேன். ஆஸ்டின் வெயிலுக்கு என்னைக் கேட்டா லைவ் ஓக் ஆலையில காய்ச்சுன 'க்ரோஜிஸ்கியே'. போலந்து நாட்டுப் பழைய கைப்பக்குவம். கோதுமையை ஓக் மரப் புகையில வாட்டிச் செய்தது, வெறும் 3 சதவீதம். டெக்சாஸ்காரன் நாள் முழுக்கப் புகை போட்ட மாட்டுக்கறிக்கு இதை விட்டா வேற சோடி எதுங்கேன்? பக்கத்துலயே ஜெஸ்டர் கிங்னு பண்ணை வச்சிருக்கவன் 2.9-ல 'லெ பெதி பிரின்ஸ்' விட்டான். நீ அவன்கிட்டப் போயி ஸ்ட்ராங் கேட்டு மானத்தை வாங்கிராத.

சின்னதுதானேன்னு அண்டாக் கணக்குல ஊத்திக்கிடவும் கூடாது. நீங்க இருக்க மூணு மாநிலத்துலயும் ரத்தத்துல சாராயம் 0.08 சதவீதத்தைத் தொட்டாலே கைவெலங்குதான். நாலஞ்சு சின்னது சேந்தா பெருசுதானே? கார்ச் சாவியை முதல்லயே பொண்டாட்டிகிட்டக் குடுத்துரு.

வார சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டுக்குச் சாப்பிடப் போறோம்லா? நியூ ஜெர்சியில 3,000 சனத்துக்கு ஒரு மதுக்கூட லைசென்சுதான். அதனால நெறைய ஓட்டல்ல நாமளே கொண்டு போயிக் குடிக்கலாம். பீரும் ஒயினும் மட்டுந்தான், விஸ்கியைத் தூக்கிட்டு வராத. மிளகுக் கோழிக்கு அந்த எட்டை ஊத்துனா காரமும் எரியும், சாராயமும் எரியும். 'போட்' எடுத்துக்க. எனக்கும் ரெண்டு சேத்து எடு. உங்க அத்தை கேட்டா "வெறும் 4 சதவீதம்"னு மட்டும் சொல்லிராத. மிச்சம் 96 என்னதுன்னு கேப்பா. நீ உண்மைய மறைக்கத் தெரியாம "தண்ணி"ம்ப. அதோட முடிஞ்சுது ரெண்டு பேரு கதையும்.