கூட்டணியில் கரையாத குரல்

கேள்வி: தனியாகப் பாடிப் பெயர் வாங்கிய பாடகர், ஒரு இசைக்குழுவோடு கூட்டு சேர்ந்தால் தனித்தன்மை போய்விடாதா?

பதில்: சரக்கு இல்லாதவருக்குப் போய்விடும். அமெரிக்காவின் சாம் பீமைப் பாருங்கள். 'அயர்ன் அண்ட் வைன்' என்ற அவருடைய மேடைப் பெயரைக் கேட்டால் பெரிய பட்டாளம் போலிருக்கும். ஆரம்பத்தில் அவர் ஒருவர்தான்! 2002இல் வந்த முதல் ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்தார். தொட்டிலில் குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்து பாடுவதுபோல் ஒரு குரல். 2005இல் அரிசோனாவின் கலெக்ஸிகோ குழுவோடு சேர்ந்து 'இன் த ரெயின்ஸ்' என்ற இசைத்தொகுப்பு. ஏழே பாட்டு. டிரம்பெட் முழங்குகிறது, முதல் பாட்டின் நடுவே ஒருவர் ஸ்பானிஷில் கணீரென்று புகுந்து விளாசுகிறார். நம் ஆளோ குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் காது அவரைத்தான் தேடுகிறது. (நம்மூர்க் கூட்டணிகளில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள்.) கலெக்ஸிகோவோடு அடுத்த கூட்டு ஆல்பம் வந்தது 2019இல்தான்.