தென்னை ஒன்று, மாநிலம் ரெண்டு

நாசிக் சூலா ஒயின் தோட்டத்துக்குப் போகிற ஜோடிகள் கோப்பையைச் சுழற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி, "ஓக் மர வாசம்" என்று கண்ணை மூடுவார்கள். கோவை ஜோடிக்கு அவ்வளவு தூரம் எதற்கு? பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்தால் கேரளம். கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் கள்ளு. மரவள்ளிக்கிழங்கு, காரமாய் மீன்கறி, குடும்பத்தோடு உட்காரத் தனியறை வேறு.

"ஏனுங்க, நம்ம தோப்புல இல்லாத மரமா இது?"

"மரம் அதேதான் அம்மிணி, மாநிலம் வேற."

எல்லைக்கு இந்தப் பக்கம் கள் இறக்கினால் 1987 முதல் குற்றம். புளிக்காமல் இறக்கி நீரா என்று விற்க 2017-இல் வழி விட்டார்கள். அதற்கும் உரிமம் வேண்டும். கொஞ்சம் அசந்து புளித்துவிட்டால் பானம் வழக்காகிவிடும். பிராந்திக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை; 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் கம்பிக்கு உள்ளிருந்து நீட்டுகிறது. அங்கே மோந்து பார்த்து வாசம் சொல்ல நின்றால், பின்னால் நிற்கிறவர் சொல்லுவது வேறாக இருக்கும்.

திரும்பும்போது ஒரு வாய்கூடத் தொடாத அம்மிணிதான் காரை ஓட்டினார். ஊதச் சொல்கிற மிஷினுக்கு மாநில வித்தியாசம் தெரியாதுங்களே.