ஜாசினிலிருந்து ஒரு ஹெவி மெட்டல் ஆல்பம்: செய்முறை

முதலில் முடி. கிட்டாரை இரவல் வாங்கலாம், முடியை வாங்க முடியாது. 1992-இல் மலேசியத் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீள முடிக்காரர்களுக்கு ஆர்டிஎம் தொலைக்காட்சித் திரை கிடையாது என்றதும், ராக் பாடகர்களான 'சர்ச்' ஏமியும் 'விங்ஸ்' அவியும் கத்தரிக்குத் தலை கொடுத்த நாடு இது. அவர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. சன்னாசிமலை ஆண்டவருக்கு நேர்த்திக்கடன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒருவரும் தொடமாட்டார்கள். மொட்டை எப்போது என்று கேட்டால், "சாமி கனவுல வந்து சொல்லணும்மா."

பயிற்சிக்கு லயத்து வீடு ஆகாது. செம்பனைக்கு நடுவே போனால் கரண்ட் இல்லை. தோட்டக் கோயிலில் மேளம் போட்டுவைக்கும் கொட்டகைதான் சரி. அங்கே சத்தம் கேட்டு யாரும் போலீஸுக்குப் போன் செய்வதில்லை. டிரம்ஸுக்கும் ஆள் அங்கேயே கிடைப்பான். ஊர்வலம் முழுக்க நடந்துகொண்டே உறுமி அடிக்கிற தம்பிக்கு, உட்கார்ந்து வாசிப்பது ஓய்வு. திருவிழாக் காலத்தில் மட்டும் அவனைத் தேடாதீர்கள்.

பாட்டு எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐரோப்பியக் குழுக்களைப் பார்த்துச் சாத்தானைக் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் அவருக்கு என்ன செல்வாக்கு? எல்லையில் முனியாண்டி இருக்கிறார், சுருட்டு கேட்பார். இந்தச் சிக்கலை நம் பக்கத்துக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சிங்கப்பூர் 'ருத்ரா' குழுவில் கதிர் பாஸ் வாசித்துக்கொண்டே பாடுவார், சிவா டிரம்ஸ். டெத் மெட்டலுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்களைத் தொண்டை கிழிய உறுமுவார்கள். 'வேத மெட்டல்' என்று உலகமெங்கும் பெயர். நான் இதைப் பெரிய சாமர்த்தியம் என்பேன். பாட்டி வாசலில் நின்று கேட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ருத்ரா தொடங்கியது 1992, முதல் ஆல்பம் 1998. உங்களுக்கும் அவ்வளவு காலம் ஆனால், கிட்டார்காரனுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், பாஸ்காரன் சிங்கப்பூரில் ஷிப்ட் வேலைக்குப் போயிருப்பான். ஆகவே அவசரக்காரர்கள் பிளாக் சபாத் முறையைப் பின்பற்றலாம். 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் ஆல்பம் முழுவதையும் பதிவுசெய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெளியீடு. நல்ல நாள் பார்க்கிற அத்தைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி பர்மிங்காமில் தகடு ஆலைத் தொழிலாளி. 17 வயதில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று, இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. பிளாஸ்டிக் சோப்புப் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, மெல்லிய கம்பிகள் மாட்டி வாசித்தார். அந்தக் கனத்த ஓசை பிறந்ததில் அந்த விரல்களுக்கும் பங்குண்டு. எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தம்பிகள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விபத்து இழப்பீடு தரும் சொக்சோ அதிகாரிக்கு ஹெவி மெட்டல் புரியாது.

வெளியீடு, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். தொகுதி ஒய்.பி. ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, இளைஞர்கள் குண்டர் கும்பலில் சேராமல் இசையில் ஈடுபடுவதைப் பாராட்டி, முதல் பாட்டு தொடங்குமுன் கிளம்பிவிடுவார். அவருடைய பேச்சு ஆல்பத்தைவிட நீளமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். சிடி இருபது வெள்ளி. மாமாக்கள் உறையில் ஐம்பது வைத்துக் கொடுத்துவிட்டு, சிடியை மேசையிலேயே விட்டுப்போவார்கள். யார் யார் என்று எழுதி வையுங்கள். மகள் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள், சினிமாப் பாட்டு நாலு தயாராக இருக்கட்டும்.